வகுக்கும் எண்

பிப்ரவரி. காலை ஆறு நாற்பது.
நூற்றைம்பது இருக்கைக் கப்பலில்
மூன்று பேர்.
தாடையைப் பிடித்தபடி லீவி,
பல் மருத்துவரிடம் போகிறாள்.
கணக்குப் புத்தகத்தின் மேல் தூங்கும் ரைகோ,
பள்ளிக்கு.
மூன்றாவது நான்.
கூசெலாய்ட் தீவில் நேற்றிரவு தங்கி
ஆளெண்ணிவிட்டுத் திரும்பும்
மாவட்ட அலுவலகத்துக்காரி.
மடியில் ஒப்பந்தப்புள்ளிப் படிவம்,
நாற்பத்தாறு பக்கம்.

கப்பலின் அடிவயிற்றைப்
பனிப்பாளம் உரசிக்கொண்டே வருகிறது.

படிவம் கேட்கிறது:
சந்தை தானாக முன்வந்து செய்யாத சேவை இது
என்பதை நிறுவுக.

ஜூலையில் வந்து பாருங்கள் ஐயா,
சந்தை தானாகத்தான் வருகிறது.
வெள்ளைப் படகு, ஐஸ்கிரீம், பாட்டு,
இருபதே நிமிடம்.
பாலேட்டை மட்டும் வழித்துக்கொண்டு
ஆகஸ்ட் இருபதோடு போய்விடுகிறது.
சந்தைக்குக் குளிர் ஆகாது.

அதற்காக
பழைய அரசுக் கழகத்தைப் புகழ மாட்டேன்.
ஏழு குளிர்காலம் வெப்பக்கருவி வேலை செய்யவில்லை.
சீட்டுக் கொடுத்தவர் கப்பல் தலைவரின் மைத்துனர்.
நினைத்தால் திறப்பார், நினைத்தால் சாத்துவார்.
புகார் எழுதினால்
'தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றோம்' என்று
ஆறு மாதம் கழித்து ஒரு வரி.
போட்டி என்ற சொல் வந்த பிறகுதான்
என் கால்விரல்களுக்கு உயிர் வந்தது.
அதே சொல் வந்த பிறகுதான்
புதன்கிழமைக் கப்பல் நின்றது.
வாரத்தில் ஒரு கிழமை குறைந்தால்
யாருக்குத் தெரியப்போகிறது என்றார்கள்.
புதன்கிழமையில் பிரசவ வலி எடுத்தவளுக்குத்
தெரிந்தது.

ப்ரஸ்ஸல்ஸில் விதி எழுதியவர்கள்
கெட்டவர்கள் இல்லை.
பந்தி பரிமாறுகிறவன்
சொந்தக்காரன் இலைக்கே மறுபடி மறுபடி போனால்
கடைசி வரிசை பசியோடு எழும்.
அது அவர்களுக்குத் தெரியும்.
அதனால்தான் ஈடு செலவுக்கு மேல் போகக் கூடாது,
அதோடு நியாயமான லாபம் சேரலாம்
என்று எழுதினார்கள்.
நியாயமும் லாபமும்
ஒரே வரியில் குடிவைக்கப்பட்டிருக்கின்றன.
இரண்டும் பேசிக்கொண்டு
நான் கேட்டதில்லை.

பக்கம் முப்பத்தொன்று:
மானியத்தைப் பயணிகளால் வகுக்கவும்.

இதில் எங்கே எழுதுவேன்,
ரொட்டிக் கூடைகளை,
தபால் மூட்டையை,
தேர்தலன்று இருக்கைப் பட்டி கட்டி
ஜன்னலோரம் உட்கார்ந்து வந்த
வாக்குப்பெட்டியை?
காலையில் கப்பல் இருக்கும் என்ற தைரியத்தில்
இந்த நேரம் அங்கே புரண்டு படுக்கிற
இருநூறு பேரை?
ஏறாமலே பயன்படுத்துகிறவர்களுக்கு
என்ன கட்டணம்?

ஹில்லார் வந்தார்.
கையில் ஆளெண்ணும் கருவி,
கட்டைவிரல் அதன் மேல்.
"உங்களுக்கும் அழுத்தவா?
நீங்கள் எண்ணுவதற்காகத்தானே வந்தீர்கள்."

இந்த நடைக்கு மானியம்
ஆயிரத்து இருநூற்று முப்பத்தாறு யூரோ.
என்னைச் சேர்த்தால் தலைக்கு நானூற்றுப் பன்னிரண்டு.
விட்டால் அறுநூற்றுப் பதினெட்டு.
பத்திரிகைக்காரர்கள்
அறுநூற்றுப் பதினெட்டை விரும்புவார்கள்.
என் ஓர் உடம்பு
இத்தனை மலிவாக்கும் என்று
அம்மா கூடச் சொன்னதில்லை.

நான் பதில் சொல்வதற்குள்
படித்துறை விளக்கு தெரிந்துவிட்டது.

திங்கட்கிழமை உறைகளைப் பிரிப்போம்.
போன முறை ஒரே ஓர் உறை வந்தது.
ஓடியவன் ஒருவன், வென்றவனும் அவனே.
போட்டி முறைப்படி நடந்தது என்று
கையெழுத்துப் போட்டவள் நான்.

ரைகோ எழுந்து வாயைத் துடைத்துக்கொண்டான்.
இறங்குபலகையில் நான் கால் வைத்தபோது
பின்னால் 'டிக்' என்று ஒரு சத்தம்.
கருவியா, பனியா, தெரியவில்லை.
திரும்பிப் பார்க்கவில்லை.

லீவி முன்னால் விறுவிறுவென்று நடந்தாள்.
தனியார் மருத்துவர்,
எட்டரைக்குத் திறப்பார்.
அரசு மருத்துவரிடம்
மே மாதம்தான் இடமிருந்ததாம்.